பட்டப்பகலில் இறக்கிய பேனர்

போன வாரம் பரிமாறப் புதிதாக வந்தவர்களில் ஒரு தம்பி என்னை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டார்: "சார், அந்த அக்காவப் பாத்தா பசியில வந்தவங்க மாதிரியே தெரியல. பொடவ நல்லா கட்டிக்கினு, கையில போன் வெச்சிக்கினு நிக்கிறாங்க. இவங்களுக்கும் போடணுமா?"

அப்போது பரிமாறும் நேரம். "போடுங்க" என்று மட்டும் சொன்னேன். அது பதில் அல்ல, உத்தரவு. பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

என்னைப் பற்றி முதலில் இரண்டு வரி. விழுப்புரத்தில் செய்தியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதன் பிறகு தினமும் ரயிலேறித் திண்டிவனம் வந்து இந்தச் சமையற்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தேன். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் இதிலிருந்தும் ஓய்வு பெறுகிறேன். எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், கல்யாண மண்டபத்திலிருந்து வந்த சாம்பாரை எப்போது கொட்டிவிட வேண்டும் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஒரு மாதத்தில் உங்கள் கையே கற்றுக்கொள்ளும். ஒருவர் உங்கள் முன்னால் வந்து நின்று இப்போதே முடிவு சொல் என்று கேட்கும்போது என்ன செய்வது என்பதைக் கை கற்றுக்கொள்ளாது. அப்படி ஒருவர் வந்து நின்ற ஒரு நாளைப் பற்றித்தான் இது.

நம் கூடத்தைத் தொடங்கியவர் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. எல்லோரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "என் பேர எங்கயாவது எழுதினீங்க, அடுத்த நாள் உங்களுக்குக் கரண்டி கெடையாது" என்று எச்சரித்திருக்கிறார். அதனால் பெயர் இல்லை. உரத்த குரல், குறைந்த பொறுமை. மேம்பாலத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மதியத்துக்கு ஒரு வேளை சோறு போட ஆரம்பித்தார். வந்தவர்கள் சுமை தூக்குபவர்கள், வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய் வேலை கிடைக்காமல் திரும்பியவர்கள், மரக்காணத்தில் கடலுக்குப் போக முடியாத நாட்களில் கூடை தூக்கி வந்த பெண்கள், பஸ் நிற்கும் இடத்திலேயே படுத்து எழுபவர்கள். யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்பது டீச்சரம்மாவின் ஒரே விதி. ஊர் கேட்கக் கூடாது, தொழில் கேட்கக் கூடாது, "நேத்து வர்லியே" என்றுகூடக் கேட்கக் கூடாது.

ஆனால் அரிசி வேண்டும். அரிசி கொடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் நினைவுநாள் என்று ஏதோ ஒன்றுக்காகக் கொடுப்பார்கள். வந்து முதல் தட்டைத் தங்கள் கையால் கொடுப்பார்கள். அதை ஒருவர் படம் எடுப்பார். கொடுப்பவர் கேமராவைப் பார்ப்பார், வாங்குபவர் தட்டைப் பார்ப்பார். பத்திரிகையில் இப்படிப்பட்ட படங்கள் மேசை மேசையாக வந்து விழும். எனக்கு அவை பழகிப்போனவை. கூடத்தில் யாருக்குமே அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

நமக்கு அதிகமாக அரிசி அனுப்பிக்கொண்டிருந்தவர் நெடுஞ்சாலை ஓரம் மனை பிரித்து விற்கும் ஒருவர். பிளாட்டுக்காரர் என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. அன்றைக்குப் பிரியாணி. பாத்திரத்தில் வாங்கிப் போக வேண்டாம், எல்லோரும் தட்டில்தான் சாப்பிட வேண்டும் என்று அவருடைய ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள். படத்துக்கு அதுதான் நன்றாக இருக்குமாம். சரி என்றோம்.

அன்று வரிசையில் நின்றவர்களில் ஒருவரைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயர் அது அல்ல. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க சார், பேர மட்டும் மாத்திடுங்க" என்றார். ஊரில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே. கடைச் சேலையைச் சீராகக் கட்டி, பூ வைத்து, நம் வரிசையில் நிற்பார். அந்தத் தம்பி கேட்ட கேள்வியை அன்று யாராவது கேட்டிருந்தால் இவரைக் காட்டித்தான் கேட்டிருப்பார்கள். எப்போதும் ஒரு டப்பாவில் சோறு வாங்கி, அதைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் தட்டில் வாங்கினார். "அக்கா, இங்க பாருங்க" என்று ஒருவர் கூப்பிட, நிமிர்ந்தார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு நாள் மதியம், பரிமாறி முடிக்கும் நேரத்தில் செல்வி ஓடி வந்தார். பை இல்லை, டப்பா இல்லை.

"சார், என் மூஞ்சி சார். வெளிய வந்து பாருங்க."

வெளியே வந்து பார்த்தேன். மேம்பாலத்துக்கு அடியில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரில் சவுக்குக் கழி நட்டு பேனர் கட்டியிருந்தார்கள். மேலே பிளாட்டுக்காரர் வெள்ளைச் சட்டையில் கும்பிட்டபடி. பக்கத்தில் தலையில் கிரீடம் வைத்த குழந்தை. "ஏழைகளின் பசி தீர்த்த எங்கள் செல்லத்துக்கு முதல் பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று எழுத்து. பசி தீர்த்தவருக்கு இன்னும் பல் முளைத்து முடியவில்லை. கீழே ஒரு பட்டையாகச் சாப்பிடுபவர்களின் படங்கள். நடுவில், மற்றவர்களைவிடப் பெரிதாக, கையில் தட்டோடு நிமிர்ந்து பார்க்கும் செல்வி. படம் நன்றாக வந்திருந்தது. அதனால்தான் அவரை நடுவில் போட்டிருந்தார்கள்.

"கடையில பேசுவாங்கன்னு பயமாம்மா?" என்று கேட்டேன்.

"கடை கெடக்குது சார். என் பொண்ணு சாயங்காலம் விழுப்புரம் பஸ்ல வந்து இங்கதான் எறங்குவா. பஸ்சு இதுக்கு நேராதான் நிக்கும்."

மகள் விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள், கடைசி ஆண்டு. செல்வியின் கணவர் கொத்து வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, அதன் பிறகு வேலைக்குப் போகவில்லை. அப்போதே மகள் படிப்பை விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறாள். கடையில் சம்பளம் ஏற்றிவிட்டார்கள், மதியச் சாப்பாடும் அவர்களே தருகிறார்கள், மிஞ்சுவதை வீட்டுக்கும் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று சொல்லி செல்வி அவளை நிறுத்தி வைத்திருந்தார். வீட்டில் இரவுக்கு அவர்கள் சாப்பிட்டது நம் டப்பாச் சோறு.

"தெரிஞ்சிதுன்னா நாளைக்கே படிப்ப உட்டுடுவா சார். அவ அப்பிடித்தான். ஒருதபா முடிவு பண்ணிட்டான்னா சாமியே வந்தாலும் கேக்க மாட்டா."

முன்னாடி ஸ்டாப்பில் இறங்கச் சொல்லிப் போன் பண்ணலாமே என்றேன்.

"இன்னிக்கு எறங்குவா. நாளைக்கு? நாளன்னிக்கு?"

உடனே பிளாட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவரை நான் வில்லனாக எழுத மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"என்னா சார் இது? சோறு துன்னதுல பிரச்சன இல்ல, போட்டோ போட்டா பிரச்சனயா?"

"அவங்களக் கேக்காம போட்டுட்டாங்க. அவங்க வீட்டுல சிக்கலாவுது."

"கொழந்தைக்கு மொத பொறந்தநாளு சார். மாட்டுன அன்னிக்கே எறக்குனா அபசகுனம்னு எங்க அம்மா ஆடித் தீத்துடுவாங்க. ரெண்டு மூணு நாள் போவட்டும், நானே ஆள உட்டு எறக்குறேன்."

"சாயங்காலத்துக்குள்ள எறக்கணுங்க."

குரல் மாறியது. "சார், நான் மாசா மாசம் அரிசி அனுப்புறேன். ஒரு பேனரு வெச்சதுக்கு இவ்ளோ பேசுறீங்க. பேனர்ல கைய வெச்சீங்கன்னா அரிசிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டு டீச்சரம்மாவிடம் சொன்னேன். எனக்கு ஒரு யோசனை இருந்தது. செல்வியின் முகத்தை மட்டும் பிளேடால் வெட்டி எடுத்துவிடலாம். குழந்தைக்கும் குறை இல்லை, அரிசிக்கும் ஆபத்து இல்லை. நடுநிலையான யோசனை என்று நினைத்தேன்.

டீச்சரம்மா கரண்டியை அண்டாவுக்குள் போட்டார். "மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்தா ஊரே நின்னு அந்த ஓட்டையப் பாக்கும். யாரு மூஞ்சி, ஏன் எடுத்தாங்கன்னு தேடும். இப்ப பத்து பேரு பாத்துட்டுப் போறான். அப்புறம் எல்லாரும் கேட்டுட்டுப் போவான். இதான் உங்க பேப்பர் யோசனையா?"

அப்படியானால் முழுவதும் இறக்க வேண்டும். முழுவதும் இறக்கினால் அரிசி போய்விடும். ஒருவருடைய முகத்துக்காக இத்தனை பேருடைய சோற்றைப் பணயம் வைக்கலாமா? அதை நான் கேட்டேன். கேட்டது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டிய கேள்விதான்.

"அரிசி உங்களுதும் இல்ல, என்னுதும் இல்ல" என்றார் டீச்சரம்மா. "துன்றவங்களுது. வாங்க, அவங்களக் கேப்போம்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் நடுவில் போய் நின்றார். செல்வியின் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே பேனரில் உங்கள் முகம் இருக்கிறது, யாரையும் கேட்காமல் போட்டிருக்கிறார்கள், அதை இறக்கினால் இனி அரிசி வராமல் போகலாம், என்ன செய்யலாம் என்று கேட்டார்.

முதலில் பேசியவர் சுமை தூக்கும் ஒரு பெரியவர். பேனரில் இடது ஓரத்தில் அவர் இருந்தார். "எறக்காதம்மா. என் மூஞ்சி எம்மா நல்லா வந்துகீது. கல்யாணத்துக்கே எனக்கு இம்மா நல்லா போட்டோ எடுத்தது இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள்.

"யோவ், உன் மூஞ்சிக்காவ நாங்க எல்லாரும் தொங்கணுமா?" என்றார் மரக்காணத்துப் பெண் ஒருவர். "என் புருசன் பாத்தா, கடல்ல மீனு இல்லன்னு ஊருக்கே தண்டோரா போட்டுட்டியேன்னு என்ன வெளுத்துடுவான்."

"சோறு முக்கியமா, மூஞ்சி முக்கியமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"உனக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருந்தா கேளு" என்று இன்னொரு குரல்.

அரிசி போய்விட்டால் என்ன செய்வது என்று கவலையாகக் கேட்டவர்களும் இருந்தார்கள். நியாயமான கவலை. எண்ணிப் பார்த்திருந்தால், விட்டுவிடலாம் என்றவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். நான் அதை டீச்சரம்மாவின் காதில் சொன்னேன்.

"இது ஓட்டுப்போடுற விஷயம் இல்ல சார்" என்றார். "அவ மூஞ்சிக்கு இவங்க எல்லாரும் சேந்து சரின்னு சொல்ல முடியுமா? ஒருத்தர் வேணாம்னா வேணாம். அரிசி இல்லன்னா என்ன பண்றதுன்னுதான் இவங்களக் கேட்டேன். என்ன பயம்னு தெரிஞ்சிபோச்சு. அந்தப் பயத்த நாம பாத்துக்கலாம். நீங்க போயி எறக்குங்க."

நான் இந்த வாக்கியங்களைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எல்லோரையும் கேட்பது ஒன்று, எல்லோரும் சேர்ந்து ஒருவரை விட்டுக்கொடுக்க அனுமதிப்பது வேறொன்று. உங்களில் பலர் கூட்டம் போட்டு முடிவெடுப்பதில் கெட்டிக்காரர்கள். எந்தக் கேள்வியைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏணி இல்லை. ஒரு ஷேர் ஆட்டோவைக் கூப்பிட்டு பேனருக்கு அடியில் நிறுத்தச் சொன்னேன். ஓட்டுநர் தயங்கினார்.

"சார், இது பெரிய எடத்துப் பேனரு. அப்பால என் வண்டிய மடக்குவாங்கோ."

"மடக்குனா நான்தான் வண்டி மேல ஏறுனேன்னு சொல்லு."

"உங்க வயசுக்கு என் வண்டி மேல ஏறுனா வண்டிக்கு ஒண்ணும் ஆவாது, உங்களுக்குத்தான் ஆவும்" என்றவர், சலித்துக்கொண்டே தானே ஏறினார். காய் நறுக்கும் கத்தியைக் கீழிருந்து கொடுத்தேன். கயிற்றை அறுத்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் போனை எடுத்தார்கள். அதற்குள் பேனர் முகம் தரையைப் பார்த்தபடி விழுந்துவிட்டது. டீச்சரம்மாவும் மரக்காணத்துப் பெண்ணும் அதை அப்படியே சுருட்டினார்கள்.

பெரியவர் ஓடி வந்தார். "என் பக்கத்த மட்டும் வெட்டிக் குடுத்துடுங்க. வீணாப் போவும்." வெட்டிக் கொடுத்தோம். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்தார். பேனர் கட்டிய இளைஞரும் பைக்கில் வந்து சேர்ந்தார்.

"யாரு கைய வெச்சது?"

"நான்."

"நீ யாரு பெருசு?"

பெயரைச் சொன்னேன். எந்தத் தெரு, விழுப்புரத்தில் எந்தப் பக்கம் வீடு என்பதையும் சொன்னேன். காவலரிடம், புகார் எழுதினால் என் பெயரைத் தெளிவாக எழுதுங்கள், பேனர் வைக்க அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள் என்றேன். காவலர் இளைஞரைப் பார்த்தார். இளைஞர் கழியைப் பார்த்தார்.

"வேல இருந்தா பாருங்கய்யா, பேஜாரு பண்ணிக்கினு" என்று காவலர் போய்விட்டார்.

"அண்ணன் உங்கள சும்மா உட மாட்டாரு" என்றார் இளைஞர்.

"போன்லயே சொல்லிட்டாருப்பா" என்றேன்.

மாலை விழுப்புரம் பஸ் வந்து நின்றது. கடைக்குத் திரும்பிப் போன செல்வி, ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு வந்து தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்த திசையில் பார்த்து, எந்தப் பெண் என்று நானும் கண்டுபிடித்தேன். தோளில் பை. இறங்கினாள், வெறும் கழிகளைக் கடந்து நடந்தாள், போனாள். செல்வி சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அதோடு பிளாட்டுக்காரர் அரிசியை நிறுத்திவிட்டார். அவருக்கு வேண்டிய இன்னும் சிலரும் நிறுத்திக்கொண்டார்கள். இருந்த அரிசி கொஞ்ச நாள் வந்தது. அதற்குள் டீச்சரம்மா பக்கத்து ஊர்களில் ஏறி இறங்கி, விளைந்த கேப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கிவந்தார். சோறு போட்ட இடத்தில் கேப்பைக் கூழ் ஊற்றினோம். தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் துவையல். சிலர் முகம் சுளித்தார்கள். "பிரியாணி போட்டு ஆரம்பிச்சீங்க, இப்ப கூழுக்கு வந்துட்டீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போன ஒருவர் திரும்பி வரவே இல்லை. அவர் எங்கே சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையை யாராவது உங்களிடம் வெற்றிக்கதையாகச் சொன்னால் அவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செல்வியும் வரவில்லை.

அப்படி ஒரு நாள் காலையில், கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, அவருடைய மகள் குடோனுக்குள் வந்தாள். கல்லூரி பஸ் போயிருக்க வேண்டிய நேரம்.

"இங்க யாரு பெரியவங்க?"

டீச்சரம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அவள் போனை நீட்டினாள். பேனரின் படம், முழுதாக. கட்டிய உடனேயே பிளாட்டுக்காரரின் ஆட்கள் அதைத் தங்கள் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார்கள். அது கை மாறிக் கை மாறி இவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியிடம் வந்திருக்கிறது. கயிற்றை அறுத்து, சுருட்டி, பரணில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். அது ஊர் முழுக்க ஒவ்வொரு போனிலும் உட்கார்ந்திருந்தது.

"இது எங்க அம்மா. இவங்கள யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"கேக்கல" என்றார் டீச்சரம்மா. விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை.

"எறக்கிட்டோம்மா" என்றேன் நான்.

"எறக்குனது சரிங்க சார். ஏத்த உட்டது யாரு?"

பத்திரிகையில் வேலை பார்த்தபோது பலருடைய கேள்விகளைக் கேட்டிருக்கிறேன், நானும் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான கேள்வி நினைவில் இல்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"படிப்ப நிறுத்தப்போறேன். கம்பெனியில சொல்லி வெச்சிட்டேன். எங்க அம்மா இனிமே இங்க வந்து நிக்க வேணாம். அத சொல்லத்தான் வந்தேன்."

அந்த நேரத்தில்தான் வெளியே வண்டி வந்து நின்றது. பிளாட்டுக்காரரே வந்திருந்தார். பின்னால் ஒரு வண்டியில் அரிசி மூட்டைகள். கூடவே கேமராவோடு ஒருவர். அவருடைய மனம் இளகியிருந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"நடந்தது நடந்துபோச்சு" என்றார். "கொழந்த பேர்ல குடுத்த அரிசி நிக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. மூட்டய எறக்கச் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு, சார். நான் குடுக்குற மாதிரி, இவங்க எல்லாரும் வாங்குற மாதிரி ஒரு படம். எறக்குனீங்கல்ல, அது ஊருக்கே தெரியும். அத சரி பண்ணணும்ல?"

வரிசையில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். எல்லோரும் மூட்டைகளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு படம், அதுவும் முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் போதாதா என்று ஒரு கணம் தோன்றியது. முகம் தெரியாமல் எடுக்க எனக்குத் தெரியும்.

டீச்சரம்மா வரிசையைப் பார்த்துக் கேட்டார். "படம் எடுக்கணுமாம். யாருக்கு இஷ்டம்?"

பெரியவர் உடனே முன்னால் வந்தார். தலைமுடியைக் கையால் படிய வைத்துக்கொண்டார். "என்ன எடுத்துக்க நைனா. எம்மா வேணா எடுத்துக்க. அரிசிய எறக்கிட்டுப் போ."

வேறு யாரும் அசையவில்லை.

"இவரு இஷ்டப்படுறாரு. எடுத்துக்குங்க" என்றார் டீச்சரம்மா.

பிளாட்டுக்காரர் பெரியவரைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "ஒருத்தர வெச்சி எடுத்தா என்னாம்மா தெரியும்? கூட்டமா இருந்தாதானே..." என்றார். சொல்லி முடிக்கவில்லை. அவருக்கே அது காதில் விழுந்துவிட்டது போல இருந்தது.

செல்வியின் மகள் அதுவரை கதவோரம் நின்றிருந்தாள். "நீங்க உக்காருங்க சார்" என்றாள் அவரிடம். "தட்டு எடுத்துக்கினு இவங்ககூட உக்காந்து சாப்புடுங்க. உங்களப் பாத்து, இங்க பாருங்கன்னு நாங்க கூப்புடுறோம். அந்தப் படத்த மேம்பாலத்துல பெருசா மாட்டலாம்."

யாரோ சிரித்தார்கள். பிளாட்டுக்காரர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பிறகு கையைக் காட்ட, வண்டி கிளம்பியது. மூட்டைகளோடு போய்விட்டது. வரிசையில் ஒருவர்கூட அதை நிறுத்தச் சொல்லவில்லை. பெரியவர் மட்டும், "நல்ல மூஞ்சிக்கு மதிப்பு இல்லாத ஊரு" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்.

நம் கூடத்தின் சட்டம் அன்றைக்கு உருவானது. நீங்கள் சேர்ந்த அன்று அதை உங்களிடம் வாயால் சொல்லியிருப்பார்கள். இங்கே கேமரா வரலாம். யார் கொண்டுவருகிறாரோ அவர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவரை மட்டும் எடுக்கலாம். இதனால் நமக்கு வராமல் போன அரிசி நிறைய. அதைக் குறையாகச் சொல்லி உங்களிடம் யாராவது பேசுவார்கள். பேசட்டும். வற்புறுத்தல் எப்போதும் அதட்டலாகத்தான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் தயவாகத்தான் வரும், அப்போதுதான் மறுப்பது கஷ்டம்.

அன்று மதியம் செல்வி வந்தார். மகள் கல்லூரிக்குப் போகவில்லை, இங்கே நிற்கிறாள் என்று அன்று பேனரை இறக்கிய ஆட்டோக்காரர் கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். வேகமாக உள்ளே வந்தவர் மகளைப் பார்த்ததும் நின்றார்.

"காலேஜுக்குப் போவல?"

"போவ மாட்டேன். நீ இங்க வந்து கையேந்திக்கினு நிப்ப, நான் அங்க போயி படிக்கணுமா?"

"ஆமா, படிக்கணும்" என்றார் செல்வி. "உனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இம்மா நாளா மறச்சி மறச்சி எடுத்தாந்தேன். தெரிஞ்சிபோச்சில்ல? இனிமே எனக்கு இன்னா மறைப்பு? கடையில இன்னிக்குக் காலையில கேட்டாங்க. ஆமா, அங்கதான் துன்றேன், நீங்க போடுற சம்பளத்துக்கு வேற எங்க துன்றதுன்னு கேட்டுட்டேன். உனக்கும் அதே பதில்தான். நீ படிப்ப உட்டா, நான் இம்மா நாளு நின்னதுக்கு அர்த்தமே இல்ல. நாளைக்கு மொத பஸ்ல ஏறுற."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செல்வி நிற்கவில்லை. அடுக்கிலிருந்து ஒரு தட்டையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் கூழை வாங்கினார். டப்பா கொண்டுவரவில்லை. குடோனுக்கு உள்ளே சுவர் ஓரம் இடம் இருந்தது. அங்கே போகவில்லை. வெளியே வந்து, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி, வாசல் படியில் கடைச் சேலையோடு உட்கார்ந்தார். பஸ்ஸுக்கு நின்ற சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் அவர்களைத் திருப்பிப் பார்த்தார். அவர்கள்தான் முதலில் பார்வையை எடுத்தார்கள்.

மகள் சற்று நேரம் வாசலில் நின்றாள். பிறகு வந்து, அதே படியில், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கரண்டியோடு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செல்வி நிமிர்ந்தார்.

"இன்னா சார் பாத்துக்கினே கீறீங்க? அவளுக்கும் ஒரு சொம்பு ஊத்துங்க. ஊறுகா எங்க?"